ஆல்பம் உறை வடிவமைப்பு: கலைஞரின் பாணியை அட்டையிலும் மையிலும் கொண்டுவருவது எப்படி

ஆல்பம் உறை கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. பாட்டை முழுசாகக் கேட்பதற்கு முன்பே படம் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். சோகப் பாட்டென்றால் மழை பெய்யும் ஜன்னல், காதல் என்றால் சாயங்கால வானம், ராக் என்றால் கறுப்புப் பின்னணியில் கிழிந்த எழுத்து. இப்படி வந்த உறையில் கலைஞரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறது என்றால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

ஒருவருடைய பாணி, அவர் செய்வதைவிடச் செய்ய மறுப்பதில்தான் துல்லியமாகத் தெரியும். குரலில் விழுந்த பிசிறைத் திருத்த மாட்டார். நான்கு வாத்தியங்களுக்கு மேல் சேர்க்க மாட்டார். அல்லது நேர்மாறாக, ஒரு நொடி மௌனத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். இந்த மறுப்புகளைக் கண்டுபிடித்து அவற்றையே உறைக்கும் சட்டமாக்க வேண்டும். காகிதம், மை, எழுத்து, உறை திறக்கும் விதம் என்று அடுத்து வரும் எல்லா முடிவுகளும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

முதலில் கேட்பது

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாட்டு வரிசையை மாற்றாமல், நடுவில் நிறுத்தாமல், கையில் பேனா இல்லாமல். இரண்டாம் முறை ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேளுங்கள்: எத்தனை வாத்தியங்கள், குரல் காதுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறதா தூரத்திலா, அறையின் எதிரொலி இருக்கிறதா, மூச்சும் விரல் உரசலும் கேட்கின்றனவா, பாட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி. மூன்றாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. வரிகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களைக் குறித்துவையுங்கள். ஆனால் அவற்றைப் படமாக வரைய அவசரப்பட வேண்டாம். பாட்டில் 'கதவு' ஆறு முறை வருகிறது என்பதற்காக அட்டையில் கதவைப் போட்டால், கேட்பவருக்குத் தெரிந்த ஒன்றை ஏழாவது முறையாகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு கலைஞரிடம் பேசுங்கள். "உறை எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் அவருக்குப் பிடித்த வேறொரு ஆல்பத்தின் உறைதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, எந்தப் பாட்டை இந்தத் தொகுப்பிலிருந்து நீக்கினீர்கள், ஏன்? பிசகு இருந்தும் எந்த டேக்கை வைத்துக்கொண்டீர்கள்? மிக்ஸிங்கில் எதைக் குறைக்கச் சொன்னீர்கள்? என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் பதில்களில் பாணி முழுவதும் இருக்கும். அதைச் சுருக்கி மூன்று வரிகளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் அது விளம்பரக் குறிப்பாகிவிடும்.

கலைஞருக்கு ஏற்கெனவே ஆல்பங்கள் இருந்தால் அவற்றின் அட்டைகளைச் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். பெயர் எழுதிய விதம், முகம் இருப்பதும் இல்லாததும், நிறத்தின் அடர்த்தி என்று மாறாமல் தொடர்வது எது என்று தெரியும். புதிய இசை பழைய வழியிலேயே போனால் அந்த மாறாத அம்சத்தில் ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இசை வழி மாறியிருந்தால் அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

மறுப்பிலிருந்து பொருளுக்கு

ஒற்றைக் குரல், ஒரு கிட்டார், ஒரே அறையில் பதிவு, மூச்சுச் சத்தத்தை அழிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆல்பத்துக்குப் பளபளப்பு லேமினேஷன் (மேலே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்டால் பொய் சொன்னதுபோல் இருக்கும். 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம் எடை) அட்டையின் பூச்சில்லாத பக்கத்தை வெளியே வைத்து அச்சிடுங்கள். அச்சகத்தில் 'ரிவர்ஸ் போர்டு' என்றால் புரியும். நான்கு நிற அச்சுக்குப் பதிலாக ஒரே மை, அதுவும் கரும்பழுப்போ கருநீலமோ போதும். புகைப்படத்தில் தோல் சுருக்கத்தை அழிக்காதீர்கள். குரலைத் திருத்தாதவரின் முகத்தை மட்டும் திருத்துவது முரண். இந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. பூச்சில்லாத அட்டை கைபட்டு அழுக்காகும், மூலை சீக்கிரம் நைந்துவிடும். தெளிவான பாலிப்ரோப்பிலீன் மேலுறையைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பல அடுக்குகள் கொண்ட மின்னணு இசைக்கு அடுக்குகளாலேயே பதில் சொல்லலாம். இரண்டு பாண்டோன் மைகளை (எண் சொல்லிக் கேட்கும், முன்பே கலந்த தனி நிற மைகள்) ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டு, மூன்றாவது நிறம் தானாகப் பிறக்க விடுங்கள். மேலே வரும் மை ஒளி ஊடுருவும் வகையாக இருக்க வேண்டும். கோப்பில் அந்த நிறத்துக்கு ஓவர்பிரிண்ட் (கீழ்நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சிடும்) அமைப்பைப் போட மறந்தால் கீழ்நிறம் வெட்டப்பட்டு, கலப்பே நடக்காது. கணினித் திரையில் இந்தத் தவறு பல சமயம் தெரியாது. பிடிஎஃப்பை ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தில் திறந்தால்தான் தெரியும். இரண்டு மைகளும் அரை மி.மீ. விலகினாலும் பார்க்க நன்றாக இருக்கும்படி வடிவத்தை அமையுங்கள். விலகல் வரவே கூடாது என்று எதிர்பார்க்கும் வடிவம் அச்சில் தோற்கும்.

மேடையில் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வாசிப்பவர்களுக்கு, ஒவ்வொரு பிரதியும் சற்று வேறுபடும் உறை பொருந்தும். கையால் ரப்பர் முத்திரை குத்தலாம், வரிசை எண் போடலாம், ஒரு மையை மட்டும் இடையில் மாற்றி நான்கு நிற வகைகள் எடுக்கலாம். பீட்டில்ஸ் குழுவுக்காக 1968இல் ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த வெள்ளை அட்டை இதற்குப் பழைய உதாரணம். குழுவின் பெயர் மேடாகப் புடைக்கப்பட்டிருந்தது. முதல் பதிப்புகளில் ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண். லட்சக்கணக்கில் அச்சான பொருளுக்கு, கைவினைப் பிரதிக்குரிய எண்ணைப் போட்ட குறும்பு அது.

குறைவான வசதியே பாணியாக மாறுவதும் உண்டு. ப்ளூ நோட் ஜாஸ் நிறுவனத்துக்காக 1950களின் நடுவிலிருந்து 1967 வரை ரீட் மைல்ஸ் செய்த உறைகளில் பலவற்றில் கறுப்போடு இன்னொரு நிறம்தான் இருக்கும். ஃபிரான்சிஸ் வூல்ஃப் எடுத்த படங்களை இரக்கமில்லாமல் வெட்டி, எழுத்தைத் தாளக்கட்டுபோல அடுக்கி, மீதியை வெறுமையாக விட்டார். சிறிய குழு, வேகமான பதிவு, இடம் பார்த்து வாசிக்கும் கலைஞர்கள் என்ற அந்த இசையின் சிக்கனம் அட்டையிலும் அப்படியே இருக்கிறது. நான்கு நிறத்துக்குப் பணம் இல்லை என்று வருத்தப்படுபவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத்தில் பெயரே போடாமல் விடுவதும் ஒரு மறுப்புதான். ஜாய் டிவிஷன் குழுவின் 1979ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் பீட்டர் சாவில் அதைச் செய்தார். சொரசொரப்பான கறுப்பு அட்டை, நடுவில் ஒரு பல்சர் விண்மீனின் ரேடியோ அலைக் கோடுகள், எழுத்து இல்லை. ஆனால் இதைப் பின்பற்றும்போது கலைஞர் மேடையிலும் பேட்டியிலும் தன்னை முன்னிறுத்தாதவரா என்று பாருங்கள். சமூக வலைத்தளத்தில் தினமும் முகம் காட்டுபவரின் ஆல்பத்தில் பெயரை மறைத்தால் அது வெறும் பாவனை.

தவிர்க்க வேண்டிய ஒன்று செயற்கைப் பழமை. கணினியில் பளிச்சென்று பதிவான இசைக்கு, தேய்ந்த வட்டத் தழும்பையும் மஞ்சள் கறையையும் அச்சிட்டுத் தருகிறார்கள். உண்மையான தேய்மானம் கொஞ்ச நாளில் தானாகவே வரும். பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரே இடத்தில் செலவு செய்யுங்கள்

ஃபாயில் (சூட்டில் ஒட்டும் உலோக மினுமினுப்பு), புடைப்பு, ஸ்பாட் யுவி (சில இடங்களில் மட்டும் போடும் பளபளப்புப் பூச்சு), ஜன்னல் வெட்டு எல்லாம் சேர்ந்த உறை, பணம் செலவானதை மட்டும்தான் சொல்லும். மேசைக்கு மேல் ஒட்டிய மூன்று வரிகளில் முக்கியமான ஒன்றைத் தேர்ந்து, அதைச் சொல்ல ஒரே ஒரு சிறப்பு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு இரண்டு வகை. அச்சுத் தகடு, ஃபாயில் பிளாக், வெட்டும் டை போன்றவை எத்தனை பிரதி எடுத்தாலும் ஒரு முறைதான். கையால் மடிப்பது, செருகுவது, ஒட்டுவது போன்றவை பிரதிக்குப் பிரதி ஏறும். 300 பிரதிகள் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கைவேலை மலிவு. புதிய டை செய்வது கட்டுப்படியாகாது. 5000 என்றால் தலைகீழ். இதைக் கணக்குப் போடாமல் அழகில் மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்டர் குழுவின் 1983ஆம் ஆண்டு 12 அங்குல சிங்கிளைச் சொல்வார்கள். ஃப்ளாப்பி டிஸ்க்போல ஓட்டைகள் வெட்டி, உள்ளே வெள்ளி நிற உள்ளுறை வைத்த சாவிலின் அந்த உறை, விற்ற ஒவ்வொரு பிரதியிலும் நிறுவனத்துக்கு நஷ்டம் வைத்தது என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிறப்பு வேலை இசைத்தட்டைக் கெடுக்கக் கூடாது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் நிஜமான ஜிப் வைத்த அட்டையோடு ஆல்பத்தை வெளியிட்டபோது, அடுக்கி அனுப்பிய கட்டுகளில் ஜிப்பின் தலை பக்கத்துத் தட்டை அழுத்திக் கெடுத்தது. ஜிப்பைப் பாதி இறக்கி அனுப்பினார்கள். அழுத்தம் பாட்டுத் தடத்தில் விழாமல் நடு லேபிளில் விழுந்தது. உலோகம், மரம், கல் என்று எதை ஒட்டினாலும் அது லேபிளின் பரப்புக்கு நேராக வருகிறதா என்று முதலில் பாருங்கள். 'டுருட்டி காலம்' (Durutti Column) குழுவின் 1980ஆம் ஆண்டு ஆல்பம் உப்புத்தாள் உறையில் வந்தது. அலமாரியில் பக்கத்து உறைகளைச் சுரண்டட்டும் என்பதே நோக்கம். அது ஒரு கொள்கை அறிவிப்பு. உங்கள் கலைஞருக்கு அப்படி ஒரு பகை இல்லையென்றால் செய்யாதீர்கள்.

சில எல்லைகள்: ஃபாயிலில் கோட்டின் தடிமன் 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் விட்டு விட்டுப் பிடிக்கும். கோடுகளுக்கு இடையே 0.5 மி.மீ. இல்லாவிட்டால் இடைவெளி அடைத்துக்கொள்ளும். புடைப்பு வேலை தடித்த, மிருதுவான, பூச்சில்லாத அட்டையில் ஆழமாக நிற்கும், ஆனால் பெட்டியில் இறுக அடுக்கினால் அமுங்கும். ஸ்பாட் யுவி பூச்சில்லாத காகிதத்தில் உறிஞ்சப்பட்டு மங்கிவிடும். மேட் லேமினேஷனுக்கு மேலே போட்டால்தான் எடுபடும். ஜன்னல் வெட்டின் மூலைகளுக்கு 2, 3 மி.மீ. வளைவு கொடுங்கள், கூர்மையான மூலை அங்கிருந்தே கிழியும்.

அளவுகள்

எந்த வடிவத்திலும் முதல் வேலை, தயாரிக்கப்போகும் ஆலையின் டெம்ப்ளேட்டை வாங்குவது. கீழே உள்ளவை யோசிப்பதற்கான அளவுகள். இறுதிக் கோப்புக்கு ஆலையின் கோடுகள்தான் சட்டம்.

12 அங்குல இசைத்தட்டின் உறை சுமார் 315 மி.மீ. சதுரம். ஒற்றைத் தட்டுக்கு முதுகு (அலமாரியில் வெளியே தெரியும் ஓரம்) 3 மி.மீ.; சிறுபுத்தகமோ சுவரொட்டியோ சேர்ந்தால் 5 மி.மீ. கேளுங்கள். 3 மி.மீ. முதுகில் எல்லாவற்றையும் திணித்தால் வாய் பிளந்து நிற்கும். சிடிக்கான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி 142 × 125 × 10 மி.மீ. அதற்குள் செல்லும் சிறுபுத்தகம் ஏறக்குறைய 120 மி.மீ. சதுரம். பின் அட்டை 151 × 118 மி.மீ., அதில் இரு ஓரத்திலும் 6.5 மி.மீ. முதுகாக மடியும். கம்பித் தையல் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 24 பக்கத்தைத் தாண்டினால் பெட்டியின் பற்களில் சிக்கி அட்டை கிழியும். கேசட் அட்டையில் முன்பக்கம் சுமார் 65 மி.மீ., முதுகு 13, பின்மடிப்பு 16, உயரம் 101 அல்லது 102.

எல்லாவற்றுக்கும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (வெட்டிப்போகும் கூடுதல் அச்சுப் பரப்பு) வேண்டும். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டகம் வரையாதீர்கள். வெட்டு ஒரு மி.மீ. நகர்ந்தாலும் சட்டகம் கோணலாகத் தெரியும்.

முதுகில் நடக்கும் தவறு ஒன்று மிகப் பொதுவானது. முன் அட்டை வெள்ளை, முதுகு சிவப்பு என்று சரியாக மடிப்புக் கோட்டிலேயே நிறத்தை மாற்றுகிறார்கள். மடிப்பு ஒரு மி.மீ. விலகுவது இயல்பு. சிவப்பு முன்பக்கத்தில் எட்டிப் பார்க்கும், 3 மி.மீ. முதுகில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகிவிடும். முதுகின் நிறத்தை முன் அட்டைக்குள் 10 மி.மீ. வேண்டுமென்றே நீட்டிவிடுங்கள், அல்லது இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுங்கள்.

திறக்கும் வரிசையையும் இதே கட்டத்தில் முடிவு செய்யுங்கள். கேட்பவரின் கைக்கு முன்பக்கம், பின்பக்கம், மடிப்பின் உட்புறம், உள்ளுறை, லேபிள் என்ற வரிசையில்தான் எல்லாம் வரும். இசை மெதுவாகத் தன்னைத் திறந்து காட்டுவதென்றால் முன்னால் குறைவாகச் சொல்லி, விரிக்கும்போது கிடைக்கும் 630 மி.மீ. அகலப் பரப்பில் முழுப் படத்தையும் வையுங்கள். முதல் நொடியிலேயே அடித்து ஆரம்பிக்கும் இசைக்கு மடிப்பு உறை எதற்கு? ஒற்றை அட்டையில் எல்லாவற்றையும் முன்னாலேயே கொட்டிவிடலாம். பாட்டு வரிகளை உள்ளுறையில் அச்சிட்டால் தட்டு சுழலும்போது கையில் இருக்கும். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம்தான் நல்ல ஒலி அளவில் கொள்ளும் என்பதால், பாட்டு வரிசை எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று உறுதியான பிறகே வரிகளைப் பக்கம் பிரியுங்கள்.

எழுத்து

அட்டையில் குரலுக்கு மிக நெருக்கமானது எழுத்துதான். உச்சரிப்பில் இழுத்து நெளிபவருக்குக் கட்டை வடிவ எழுத்து ஒட்டாது; சொல்லைச் சொல்லாக வெட்டிப் பாடுபவருக்கு அலங்கார வளைவு ஒட்டாது. ஓர் ஆல்பத்துக்கு ஒரு எழுத்துரு, அதிகபட்சம் இரண்டு அளவு. பெயருக்கு மட்டும் கையால் எழுதலாம், அதையும் கலைஞரே எழுதினால் நல்லது.

தமிழில் அச்சிடும்போது சில சிக்கல்கள் தனியாக வரும். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைனில் இது வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற பெயரில் இருக்கும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் 'கொ' என்பதில் கொம்பும் துணைக்காலும் விலகிப் போய் மூன்று தனி எழுத்துகளாகத் தெரியும். அகலமாக வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவையே தேடுங்கள். முதுகில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. வரியைச் சாய்த்து மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் இடம் பிடிப்பதால் 3 மி.மீ. முதுகில் தமிழுக்கு 6.5 புள்ளிக்கு மேல் போக முடியாது.

அடர்நிறத்தில் வெள்ளை எழுத்தை விடுவதென்றால் 'ண', 'ஞ', 'ஐ' போன்றவற்றின் சுழிக்குள் மை நிறைந்துவிடும். சிடி புத்தகத்தில் வரிகளுக்கு 8 புள்ளி, வெள்ளை எழுத்தென்றால் 9 புள்ளியும் ஒரு படி தடித்த எழுத்துருவும் வேண்டும். மெய்ப்பு பார்த்து முடித்த பிறகு எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி அனுப்புங்கள்; பழைய குறியாக்க எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாட்டு வரிகள் குப்பையாகிவிடும். மாற்றாத பிரதியைத் தனியே சேமிக்க மறக்காதீர்கள். மாற்றியதில் ஒற்றுப் பிழை கண்டால் திருத்த வழியில்லை.

பெயர்ப் பட்டியலைப் பாட்டுக்குத் தரும் மரியாதையோடு அமையுங்கள். இசையமைத்தவர், எழுதியவர், வாசித்தவர், பதிவு செய்தவர், மிக்ஸிங், மாஸ்டரிங், ஒலிப்பதிவு உரிமைக் குறியும் பதிப்புரிமைக் குறியும் ஆண்டோடு. அடுத்து வெளியீட்டு எண். அது முதுகு, பின்பக்கம், லேபிள் மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். பார்கோடின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை சுருக்கலாம். சிவப்புக் கோடுகளில் அச்சிடாதீர்கள், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அவை வெள்ளையாகத்தான் தெரியும்.

அச்சில் கெடுவது

படங்கள் இறுதி அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை முறை). பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பலாக வெளுக்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால் ஆழம் வரும். அதே கலவையைச் சின்ன எழுத்துக்குப் போட்டால் விளிம்பில் நிறம் பிசிறும். எழுத்துக்குக் கறுப்பு மட்டும், அதுவும் ஓவர்பிரிண்டில். நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டிய மொத்த மை அளவு பூச்சுள்ள காகிதத்தில் 300 சதவீதத்தையும் பூச்சில்லாததில் 280ஐயும் தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சில்லாத அட்டையில் புள்ளிகள் பரவும், நடுத்தர நிறங்கள் கறுக்கும். நிழலுக்குள் முகம் இருக்கும் படத்தை அப்படியே அனுப்பினால் முகம் காணாமல் போகும். நடுநிறங்களை முன்கூட்டியே வெளுப்பாக்கி அனுப்புங்கள். பாண்டோன் எண்ணையும் பூச்சில்லாத காகிதத்துக்கான யு புத்தகத்தில் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பூச்சுள்ள காகிதத்துக்கான சி புத்தகத்தில் துள்ளிய ஆரஞ்சு, யு காகிதத்தில் செங்கல் நிறமாகலாம்.

அடர்நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரிவது இன்னொரு தொல்லை. அட்டையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். நார் முதுகுக்கு இணையாக ஓடும்படி தாளை வெட்டச் சொல்லுங்கள். மடிப்பதற்கு முன் கிரீஸ் (மடிப்புக்கான அழுத்தக் கோடு) போடச் சொல்லுங்கள். மேட் லேமினேஷன் வெடிப்பைத் தடுக்கும், ஆனால் கறுப்பின்மேல் போட்டால் நகக்கீறல் ஒவ்வொன்றும் தெரியும். கீறல் தாங்கும் வகை சற்று விலை கூடினாலும் அதையே கேளுங்கள். ஒட்டும் மடிப்புகளில் லேமினேஷனோ வார்னிஷோ இருக்கக் கூடாது. இருந்தால் பசை சில வாரங்களில் விட்டுவிடும்.

தட்டும் உள்ளுறையும்

இசைத்தட்டின் நடு லேபிளுக்கு 100 மி.மீ. விட்டம். பலர் நினைப்பதுபோல அது ஒட்டப்படுவதில்லை. சூடான பிவிசியோடு சேர்த்தே அழுத்தப்படுகிறது. அதனால் பூச்சில்லாத காகிதமும் வெப்பம் தாங்கும் மையும்தான் அங்கே செல்லும். ஃபாயிலுக்கும் லேமினேஷனுக்கும் இடமில்லை. காகிதத்தில் ஈரம் இருந்தால் கொப்புளிக்கும் என்பதால் ஆலைகள் லேபிளை முதலில் அடுப்பில் உலர்த்துகின்றன. இந்தச் சூட்டில் மென்மையான நிறங்கள் லேசாக மாறும். அட்டையின் நிறத்தோடு லேபிளின் நிறம் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்ற திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கங்களையும் கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியாத லேபிள் அழகாக இருந்தாலும் எரிச்சலூட்டும்.

வழவழப்பில்லாத அட்டை உள்ளுறை தட்டில் மெல்லிய கீறல் போடும். அச்சிட்ட உள்ளுறை கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குள் பாலித்தீன் பூசிய இன்னொரு மெல்லிய உறையை வையுங்கள், முதுகின் தடிமனை அதற்கேற்பக் கூட்டுங்கள். மிருதுவான பிவிசி மேலுறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் தட்டின் மேல் பனிபோல ஒரு படலத்தை உண்டாக்கும்.

சிடியின் முகத்தில் வெள்ளை அடித்தளம் போடாமல் அச்சிட்டால் வெள்ளி மினுமினுப்பு ஊடே தெரியும். உலோகத் தன்மை கொண்ட இசைக்கு அது நன்றாகவே பொருந்தும், ஆனால் நடுவில் உள்ள தெளிவான வளையத்தில் அதே மை வேறு நிறமாகத் தெரியும் என்பதை எதிர்பார்த்து வரையுங்கள். நுட்பமான புகைப்படத்துக்கு ஸ்கிரீன் அச்சு போதாது, ஆஃப்செட் கேளுங்கள்.

டம்மியும் திரையும்

எல்லாம் முடிந்ததும் உண்மையான அட்டையில் வெற்று டம்மி ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். அச்சே வேண்டாம். அதற்குள் தட்டு, உள்ளுறை, புத்தகம் அனைத்தையும் செருகி இருபது முறை எடுத்து வையுங்கள். வாய் இறுகுகிறதா, சுவரொட்டியின் மடிப்பு தட்டை அழுத்துகிறதா என்று அப்போதே தெரியும். சுவரொட்டியின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு விழும் இடத்தில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு, திரையை நம்பாமல் அதே காகிதத்தில் எடுத்த ப்ரூஃபை (மாதிரி அச்சை) பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இணையத்துக்கான சதுரம் தனி வேலை. 3000 × 3000 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை). விரல்நகம் அளவில் பார்த்தும் அடையாளம் தெரிகிறதா என்று சோதியுங்கள். 315 மி.மீ. அட்டையில் மூலையில் நின்ற சின்ன உருவம் அங்கே தூசியாகிவிடும். சுருக்குவதைவிட அதே பொருளிலிருந்து நெருக்கமான ஒரு பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஓரம் செயலியின் வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகும். இணைய முகவரி, விலை, 'சிடி' போன்ற சொற்கள் இருந்தால் தளங்கள் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும்.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு முன்னெச்சரிக்கை. தட்டு ஆலைகள் கேட்டதைவிடப் 10 சதவீதம் வரை கூடுதலாகவோ குறைவாகவோ தருவது வழக்கம். 500 தட்டுக்குச் சரியாக 500 உறை அடித்தால் 550 தட்டு வந்து சேரும்போது கையைப் பிசைய வேண்டும். அஞ்சலில் மூலை நசுங்கும் உறைகளுக்கு மாற்றும் தேவைப்படும். 580 உறையாவது எடுங்கள். சரக்கு வந்ததும் மேல் பெட்டியோடு நிறுத்தாமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சில பிரதிகளை எடுத்து, கறுப்பின் ஆழம், முதுகின் மடிப்பு, ஒட்டிய இடம் மூன்றையும் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.